விமான என்ஜின் ஆயில் அளவு: அறிகுறியைக் கொண்டு பிழை காணும் வழிமுறை

நீலகிரியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஆயில் பார்ப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிக் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்த ஜீப்பின் ஆயிலை வந்த சூட்டோடு யாரும் பார்ப்பதில்லை. சமதளமான இடமாகத் தேடி நிறுத்தி, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடியும் விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். இந்தப் பழக்கம் கையில் ஊறிய நம் மலைப்பிள்ளைகள் விமானப் பராமரிப்புப் படிப்பை முடித்துவிட்டு விமான நிலையப் பயிற்சிக்குப் போகும்போது, முதல் தடுமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது. பயணிகள் விமானத்தின் டர்போஃபேன் என்ஜினில் (முன்னால் பெரிய விசிறி கொண்ட ஜெட் என்ஜினில்) நடைமுறை இதற்கு நேர் எதிரானது என்பதே காரணம்.

ஜீப்பில் ஆயில் தங்குமிடம் என்ஜினின் அடியில் இருக்கும் சம்ப். என்ஜின் நின்றபின் மேலே சென்ற ஆயில் முழுவதும் அங்கே வடிந்து சேரும் வரை காத்திருந்தால்தான் சரியான அளவு தெரியும். டர்போஃபேனில் ஆயில் தனியொரு டேங்கில் இருக்கிறது. பம்ப் அதை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கும் கியர்பாக்ஸுக்கும் அனுப்புகிறது. வேலை முடிந்த ஆயிலை ஸ்கேவெஞ்ச் பம்புகள் காற்றோடு சேர்த்து உறிஞ்சி, டேங்கிற்கே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே என்ஜின் நின்ற சிறிது நேரத்தில் டேங்கில் இருப்பதே உண்மையான அளவுக்கு மிக அருகில் இருக்கும். மணிக்கணக்கில் விட்டுவிட்டால், டேங்கிலிருந்து ஆயில் மெல்ல மெல்ல கீழே கியர்பாக்ஸுக்குள் கசிந்து இறங்கிவிடும். ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமலேயே அளவு குறைந்ததாகத் தெரியும்.

இதனால்தான் ஒவ்வொரு என்ஜினுக்கும் அளவு பார்ப்பதற்கென்று ஒரு கால வரம்பு உண்டு. பல என்ஜின்களில் அது நிறுத்திய 5 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் வரை. சிலவற்றில் ஒரு மணி நேரம் வரை நீள்கிறது. முதல் 5 நிமிடக் காத்திருப்புக்கு இரண்டு காரணங்கள். ஓடும்போது டேங்கிற்குள் அழுத்தம் இருப்பதால், உடனே மூடியைத் திறந்தால் கொதிக்கும் ஆயில் முகத்தில் அடிக்கக்கூடும்; அதோடு, ஆயிலில் கலந்திருக்கும் காற்று பிரிந்து மேலே போகாவிட்டால் அளவு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். கீழே நான் குறிப்பிடும் எண்களும் நேரங்களும் வழிகாட்டவே. கையில் இருக்கும் என்ஜினின் பராமரிப்புக் கையேடு வேறு சொன்னால், கையேடு சொல்வதுதான் செல்லும்.

காலையில் பார்த்தபோது அளவு குறைவு

பயிற்சியிலிருந்து விடுப்பில் ஊருக்கு வரும் பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. “முந்தின நாள் இரவு கடைசியாக வந்த விமானம், சார். காலையில் முதல் பயணத்துக்கு முன் சைட் கிளாஸில் (டேங்கின் ஆயில் மட்டம் தெரியும் கண்ணாடியில்) பார்த்தால் இரண்டு குவார்ட், ஏறத்தாழ இரண்டு லிட்டர், குறைகிறது. ஊற்றிவிடலாம் அல்லவா?”

ஊற்றக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது, என்ஜின் நின்று எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே. கால வரம்பு கடந்திருந்தால், அந்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. அடுத்து விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான டெக் லாகைத் திறந்து, நேற்றிரவு வந்தவுடன் யாரேனும் அளவு பார்த்து எழுதியிருக்கிறார்களா, ஆயில் ஊற்றினார்களா என்று பாருங்கள். இரவில் உரிய நேரத்துக்குள் பார்த்து, போதுமான அளவு என்று எழுதியிருந்து, காலையில் மட்டும் குறைவாகத் தெரிந்தால், அது கியர்பாக்ஸுக்குள் இறங்கிய ஆயிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் என்ஜினின் அடிப்புறத்தையும், வடிகால் குழாய் முனைகளையும், தரையையும் டார்ச் அடித்துப் பார்த்து, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் அப்படி முடிவு கட்டக் கூடாது.

இரவில் யாரும் பார்க்கவில்லை என்றால் வேறு வழியில்லை. கையேடு எந்த முறையை அனுமதிக்கிறதோ அதன்படி, எரிபொருள் விடாமல் ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுழற்றியோ, ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், சில நிமிடங்கள் ஓட்டியோ, கியர்பாக்ஸில் தேங்கிய ஆயிலை ஸ்கேவெஞ்ச் பம்புகள் டேங்கிற்குத் திருப்பியனுப்பச் செய்து, மீண்டும் கால வரம்புக்குள் பார்க்க வேண்டும். இது நேரம் பிடிக்கும் வேலை. முதல் பயணம் தாமதமாகிறது என்று நிலையத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்த நெருக்கடியில்தான் “இரண்டு டின் ஊற்றிவிட்டால் தீர்ந்தது” என்ற எண்ணம் வருகிறது.

அப்படி ஊற்றினால் என்ன ஆகும்? என்ஜின் ஓடத் தொடங்கியதும் கியர்பாக்ஸில் இருந்த ஆயில் திரும்பி வரும்; டேங்கில் அது விரிவதற்கும் காற்றைப் பிரிப்பதற்கும் விட்டிருந்த வெற்றிடம் நிரம்பிப்போகும். மிஞ்சிய ஆயில் காற்றுப் போக்கி வழியாக வெளியே தள்ளப்பட்டு, என்ஜினின் உறையில் கோடு கோடாக வழியும். மாலையில் பார்க்கும் வேறொருவர் அதைக் கசிவு என்று எழுதுவார். பேரிங் சீல்மேல் சந்தேகம் வரும். நன்றாக இருக்கும் என்ஜினின் மூடிகளைத் திறந்து தேடுவார்கள். அதைவிடக் கெடுதல், ஊற்றிய அந்த இரண்டு குவார்ட்டும் பதிவேட்டில் ஏறி, அந்த என்ஜினின் ஆயில் செலவுக் கணக்கையே பொய்யாக்கிவிடும்.

காக்பிட் திரையில் புறப்பாட்டுக்கு முன் அளவு போதவில்லை

விமானி பார்ப்பது டேங்கிற்குள் இருக்கும் உணர்கருவி அனுப்பும் எண். அவருக்கு வேண்டியது டேங்க் நிறைந்திருக்கிறதா என்பது அன்று. இந்தப் பயணத்துக்குப் போதுமா என்பதே. சி.எஃப்.எம்.56 என்ஜின் பொருத்திய ஏர்பஸ் ஏ320-இல் அந்தக் கணக்கு இப்படிப் போகும்: அடிப்படை 9.5 குவார்ட், அதோடு பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதிகபட்ச மதிப்பீடாக 0.5 குவார்ட். கோவையிலிருந்து சிங்கப்பூர் போன்ற ஏறத்தாழ 4 மணி நேரப் பயணத்துக்கு 9.5-உடன் 2-ஐக் கூட்டினால் 11.5 குவார்ட் தேவை. ஒரு குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்றே குறைவு, 0.946 லிட்டர். வேறு என்ஜினுக்கு வேறு எண்கள். ஒரே ஏ320-இலும் பொருத்திய என்ஜின் மாறினால் கணக்கு மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

எண் குறைவாக இருந்தால் மறுபடியும் அதே கேள்விதான்: எப்போது நின்ற என்ஜின்? அரை மணி நேர இடைவெளியில் திரும்பப் போகும் விமானமென்றால் அது நம்பத்தக்க எண். உடனே இறங்கிப் போய்ப் பார்த்து ஊற்றலாம். இரவு தங்கிய விமானமென்றால் முந்தைய பகுதியில் சொன்னபடி செய்யுங்கள்.

என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அளவு சட்டென்று இறங்குகிறது

இது பிழையே அன்று. நின்றிருந்தபோது டேங்கில் இருந்த ஆயில் குழாய்களையும் பேரிங் அறைகளையும் குளிர்விப்பானையும் நிரப்பப் புறப்படுகிறது. சில குவார்ட்கள் இறங்கித்தான் ஆக வேண்டும். என்ஜினின் வேகம் கூடும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும்; வேகம் குறையும்போது ஏறும். வானில் அளவு ஒரு நிலைக்கு வந்து, அங்கேயே ஏறத்தாழ நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பனி உறைந்த காலையில் ஊட்டியில் வண்டி ஸ்டார்ட் செய்தவர்களுக்கு, ஆயில் கெட்டியாக இருக்கும்போது அழுத்தமானி மேலே நிற்பது தெரிந்திருக்கும். விமான என்ஜினிலும் குளிரில் ஊறிய ஆயில் முதலில் உயர்ந்த அழுத்தத்தையும், திரும்பி வருவதில் மந்தத்தையும் காட்டும். சூடேற ஏற இரண்டும் சீராகும். சீராகாமல் அழுத்தம் உயர்ந்தே நின்றால் மட்டும் வடிகட்டி அடைப்பு முதலியவற்றைத் தேட வேண்டும்.

நின்றபின்னும் அளவு திரும்பி ஏறவில்லை

ஓடும்போது இறங்கியது சரி. நின்றபின் உரிய நேரத்தில் பார்த்தாலும், இந்தப் பயணத்தின் செலவைக் கழித்துப் பார்க்கையில் பல குவார்ட்கள் கணக்கில் வரவில்லை. இப்போது இரண்டே சாத்தியங்கள்: ஆயில் வெளியே போயிருக்கிறது, அல்லது உள்ளேயே திரும்பி வர முடியாத இடத்தில் தேங்கியிருக்கிறது.

வெளியே போயிருந்தால் தடயம் இருக்கும். என்ஜினின் மூடிகளைத் திறந்து, டேங்க் மூடி, குழாய் இணைப்புகள், கியர்பாக்ஸின் அடி, ஆயிலில் வரும் உலோகத் துகளைக் காந்தத்தால் பிடிக்கும் சிப் டிடெக்டர் பொருந்தும் இடங்கள், வடிகட்டிக் கிண்ணம் என்று வரிசையாகப் பாருங்கள். டேங்க் மூடியை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. சரியாகத் திருகாத மூடி மிகச் சாதாரணமான பிழை. பல டேங்குகளில் உள்ளே ஒரு தடுப்பு மடல் இருப்பதால் முழுவதும் கொட்டிவிடுவதில்லை, ஆனால் நீண்ட பயணத்தில் போகிற ஆயில் கணிசமானது. கசிந்த திரவத்தின் நிறத்தையும் கவனியுங்கள். ஊதா நிறமென்றால் அது ஹைட்ராலிக் திரவம். என்ஜின் ஆயில் வைக்கோல் நிறத்திலோ அதைவிடச் சற்றே ஆழ்ந்த பழுப்பிலோ இருக்கும். மின்னாக்கியின் இயக்கிக்குத் தனியாக ஆயிலும் தனி சைட் கிளாஸும் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றைப் பார்த்ததாக எழுதுவது புதியவர்களிடம் மட்டும் நடக்கும் பிழை அன்று.

புறத்தே எல்லாம் உலர்ந்திருந்தால், என்ஜினின் வால்பகுதியில் ஆயில் ஈரம் இருக்கிறதா, ஸ்டார்ட் செய்யும்போது புகை வந்ததா என்று விசாரியுங்கள். பேரிங் அறையிலிருந்து ஆயிலை உறிஞ்ச வேண்டிய ஸ்கேவெஞ்ச் வழி அடைபட்டால், அந்த அறை நிரம்பி, சீலைத் தாண்டிச் சூடான பகுதிக்குள் போகும். கம்ப்ரஸர் பக்கத்துச் சீல் விட்டுவிட்டால் அது பயணிகளின் மூக்குக்கே வந்துசேரும். பெரும்பாலான ஜெட் விமானங்களில் கேபின் காற்று கம்ப்ரஸரிலிருந்தே எடுக்கப்படுகிறது. அழுக்குக் காலுறை வாடை என்று விமானப் பணியாளர்கள் எழுதித் தந்தால், அதை மணம் சார்ந்த புகாராக ஒதுக்காமல், ஆயில் பதிவையும் சேர்த்துப் படியுங்கள்.

நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு கூடுகிறது

ஒரு பயணத்தில் தெரியாதது பல பயணங்களின் கணக்கில் தெரியும். ஊற்றிய குவார்ட்களைப் பறந்த மணிகளால் வகுத்து வருவதே செலவு வீதம். இந்த எண் எவ்வளவு பெரியது என்பதைவிட அது போகும் திசை முக்கியம் என்பது என் கருத்து. கையேடு அனுமதிக்கும் உச்ச வரம்புக்கு வெகு கீழேயே இருந்தாலும், ஒரே சீராக 0.1-இல் இருந்த என்ஜின் சில வாரங்களில் 0.2-க்கும் அப்பால் 0.3-க்கும் ஏறினால், அது எதையோ சொல்கிறது. வரம்புக்குள்தானே இருக்கிறது என்று விடுவது கையேட்டைப் பாதி படிப்பதற்குச் சமம்.

டர்போஃபேனில் ஆயில் எரிபொருளோடு சேர்ந்து எரிவதில்லை. பிஸ்டன் வளையம் தேய்ந்து ஆயில் குடிக்கும் லாரியைப் போல இதை எண்ணிவிட வேண்டாம். இங்கே இழப்பு சீல்களின் வழியே தப்பும் காற்றோடும், காற்றுப் போக்கியின் வழியே நுண்துளிகளாகவும் நடக்கிறது. எனவே படிப்படியான ஏற்றத்துக்குத் தேய்ந்த சீல், காற்றையும் ஆயிலையும் பிரிக்கும் கருவியின் குறைபாடு, மெல்லிய இணைப்புக் கசிவு ஆகியவை முதல் சந்தேகங்கள். சிப் டிடெக்டரைக் கழற்றி, அதன் காந்தத்தில் உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலைதான். மாவு போன்ற நுண்பொடி வேறு, செதில் போன்ற துண்டு வேறு. செதில் கிடைத்தால் அங்கேயே நிறுத்தி மேலதிகாரிக்குத் தெரிவியுங்கள்.

கணக்கு நேர்மையாக இருக்க வேண்டுமானால், எல்லா நிலையத்திலும் ஒரே மட்டத்துக்கு, ஒரே கால வரம்பில் நிரப்ப வேண்டும். ஒருவர் முழுக் கோடு வரை, இன்னொருவர் ஒரு குவார்ட் குறைத்து என்று நிரப்பினால், என்ஜினில் மாற்றமே இல்லாமல் வரைபடம் மேலும் கீழும் ஆடும். ஒரு நாள் பூச்சியமும் மறுநாள் பெரிய எண்ணும் மாறி மாறி வந்தால், நான் என்ஜினை விட்டுவிட்டுப் பதிவு எழுதியவர்களைத்தான் முதலில் விசாரிப்பேன்.

அளவு கூடிக்கொண்டே போகிறது

குறைவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் கூடுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். யாரும் ஊற்றாமல் ஆயில் கூடுகிறதென்றால், வேறொன்று அதில் கலக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

என்ஜினின் சூடான ஆயில், வெப்பப் பரிமாற்றியில் குளிர்ந்த எரிபொருளோடு அருகருகே ஓடுகிறது. ஆயில் குளிர்கிறது, எரிபொருள் சூடேறுவதால் அதிலுள்ள நீர் பனிக்கட்டியாகி வடிகட்டியை அடைப்பதும் தவிர்க்கப்படுகிறது. அந்தப் பரிமாற்றிக்குள் ஒரு குழாய் விரிசல் விட்டால், எரிபொருளின் அழுத்தம் பொதுவாக ஆயிலைவிட அதிகமென்பதால், எரிபொருளே ஆயிலுக்குள் போகும். ஆயில் நீர்த்து, பேரிங்குகளைத் தாங்கும் பிசுபிசுப்பை இழக்கிறது. தீப்பற்றும் ஆபத்தும் சேர்கிறது. டேங்க் மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தால், இனி எதையும் ஊற்றிச் சரிசெய்ய முயல வேண்டாம். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும், என்ஜினை இயக்காமல் நிறுத்திவைப்பதும்தான் வழி.

வாடை இல்லாவிட்டால், முந்தைய நிலையத்தில் கால வரம்பு கடந்தபின் ஊற்றினார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அதுவாகவே இருக்கும்.

திரையும் சைட் கிளாஸும் ஒத்துப்போகவில்லை

உரிய நேரத்தில் கண்ணால் பார்த்த சைட் கிளாஸையே நம்புங்கள். கண்ணாடி கறைபட்டு, பழைய கோட்டை ஆயில் மட்டமென்று காட்டவில்லை என்பதை மட்டும் முதலில் தெளிவாக்குங்கள். விமானம் நிற்கும் தளம் சாய்ந்திருந்தாலும் சிறு வேறுபாடு வரும். திரையின் எண் அசையாமல் ஒரே இடத்தில் நின்றாலோ, காற்றில் துள்ளுவதுபோல் ஆடினாலோ, உணர்கருவியையும் அதன் மின்னிணைப்பையும் சோதியுங்கள். கருவி பழுதென்றால் எம்.இ.எல். (எந்தக் கருவி பழுதானாலும் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) என்ன நிபந்தனையோடு பறக்க அனுமதிக்கிறது என்பதைப் பார்த்து, அந்த நிபந்தனையை எழுத்து மாறாமல் நிறைவேற்ற வேண்டும்.

ஆயில் கறுத்திருக்கிறது, கருகிய வாடை

காலப்போக்கில் நிறம் ஆழ்வது இயல்பு. கருகிய வாடையும் சேர்ந்தால் ஆயில் எங்கோ மிகுதியாகச் சூடேறியிருக்கிறது. வடிகட்டியைக் கழற்றிப் பார்க்காமல் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வேறு தயாரிப்பைக் கலக்க அனுமதி உண்டா என்பதையும் கையேட்டில் பாருங்கள். முன்பே திறந்து வைத்த டின்னைப் பயன்படுத்தாதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மழைக்காலத்தில் அலமாரி ஆடையே பூஞ்சணம் பிடிக்கும் ஊரிலிருந்து வருபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கையுறையும் அவசியம், ஆயிலில் சேர்க்கப்படும் பாஸ்பேட் வகைச் சேர்மம் தோலுக்கும் உடலுக்கும் நல்லதன்று.

எல்லா என்ஜினிலும் ஒரே நேரத்தில் குறைகிறது

ஒரு என்ஜினில் அளவோ அழுத்தமோ இறங்கினால் அந்த என்ஜின்மேல் சந்தேகப்படுவோம். எல்லாவற்றிலும் சேர்ந்து இறங்கினால், இப்படி நடக்கவே முடியாது, கருவிதான் பொய் சொல்கிறது என்று மனம் சொல்லும். 1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் நாட்டின் நாசோவுக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் லாக்ஹீட் எல்-1011 விமானத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். முதலில் நடு என்ஜினின் ஆயில் அழுத்த எச்சரிக்கை எரிந்தது. அதை நிறுத்திவிட்டு மயாமிக்குத் திரும்பினார்கள். பிறகு மற்ற இரண்டிலும் அதே எச்சரிக்கை வந்தபோது, மூன்றும் ஒருசேரக் கெடுவது நடக்காத காரியம் என்பதால் அளவுமானிகளில்தான் கோளாறு என்று கருதினார்கள். அந்த இரண்டு என்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. மூன்றும் ஓடாத நிலையில் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில், முதலில் நிறுத்திய என்ஜினையே மறுபடியும் ஓடச்செய்து மயாமியில் தரையிறக்கினார்கள். அதிலிருந்த 172 பேரும் உயிர்பிழைத்தனர்.

முந்தைய இரவுப் பணியில் மூன்று என்ஜின்களிலும் சிப் டிடெக்டர்களை மாற்றியிருந்தார்கள். எதிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போடப்படவில்லை. கைக்கு வரும் கருவியில் ஓ-ரிங் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் என்ற வழக்கமே அந்த இரவில் சோதனைக்கு மாற்றாக நின்றது. பொருத்தியபின் ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் மட்டும் சுழற்றிப் பார்த்ததில் கசிவு வெளிப்படவில்லை.

எனவே எல்லா என்ஜினிலும் ஒரே அறிகுறி என்றால், கருவியைச் சந்தேகிப்பதற்கு முன், கடைசியாக அவை அனைத்தையும் தொட்ட வேலை எது என்று டெக் லாகில் தேடுங்கள். நீண்ட கடற்பயணங்களுக்கு அனுமதி பெற்ற இரட்டை என்ஜின் விமானங்களில், இரண்டு என்ஜின்களிலும் ஒரே வகை வேலையை ஒரே ஆள் ஒரே பணிநேரத்தில் செய்வதைத் தவிர்ப்பது இன்று நடைமுறையாக இருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் ஒருவரே செய்ய நேர்ந்தால், இன்னொருவர் வந்து ஓ-ரிங்கையும் மூடியையும் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதன்பின் என்ஜினை ஐடிலில் கையேடு சொல்லும் நேரம் முழுவதும் ஓட்டி, நிறுத்தி, மூடிகளைத் திறந்து உலர்ந்திருப்பதைப் பார்த்து, கால வரம்புக்குள் ஆயில் அளவை மறுபடியும் எடுத்து, பார்த்த நேரத்தோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.